பழைய டிராம்போனில் மவுத்பீஸ் ஆடுகிறது: காம்பு அளவை எப்படிக் கண்டுபிடிப்பது?

குன்னூர்_டெனர்:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் சபை பேண்டில் ஒரு பழைய டெனர் டிராம்போன் சும்மா கிடக்கிறது. பெல்லில் இருந்த எழுத்து பாலிஷ் போட்டுப் போட்டே தேய்ந்துவிட்டது, 'லண்டன்' என்ற சொல் மட்டும்தான் மிச்சம். வால்வு இல்லாத சாதாரண பி ஃப்ளாட். பெல் வாய் ஆறரை அங்குலம் இருக்கும். ஸ்லைடு ஏழாம் பொசிஷன் வரை, அதாவது கடைசி நிலை வரை, தடங்கல் இல்லாமல் ஓடுகிறது. அதனால்தான் ஒதுக்கிவைக்க மனசு வரவில்லை. டிசம்பர் கேரல் ரவுண்ட்ஸுக்குள் ஒரு பையன் கையில் இதைக் கொடுத்துவிட வேண்டும்.

சிக்கல் மவுத்பீஸில். கருவியோடு வந்தது எப்போதோ தொலைந்துபோனது. 12சி என்று பொறித்த விலை குறைந்த ஒன்றை வாங்கினோம். அதை மாட்டும் ரிசீவர் குழாய்க்குள் ரொம்ப ஆழமாகப் போகிறது, போயும் நிற்காமல் ஆடுகிறது. நடு ஸ்தாயி பரவாயில்லை. மேல் எஃப் பக்கம் போனால் சுரம் நிலைக்காமல் வழுக்குகிறது. பேண்டுப் பெட்டியில் யூஃபோனியத்தின் மவுத்பீஸ் ஒன்று இருக்கிறது. அது ரிசீவர் வாயிலேயே முட்டி நின்றுவிடுகிறது.

இன்னொன்றும் உண்டு. கீபோர்டோடு சேர்ந்து வாசித்தால் டிராம்போன் ஏறி நிற்கிறது. சுருதி சேர்க்கும் ட்யூனிங் ஸ்லைடை முழுக்க உள்ளே தள்ளி வைத்தால் போன் டியூனரில் 45 சென்ட் ஷார்ப் காட்டுகிறது (அரைச் சுரத்துக்கு 100 சென்ட்). 2 செ.மீ. இழுத்தால் 20 சென்ட்.

பேப்பர் சுற்றினால் போதும் என்கிறார் ஒருவர். யூஃபோனியம் மவுத்பீஸைக் கோயம்புத்தூர் லேத் பட்டறையில் கொடுத்துச் சிறிதாக்கலாம் என்கிறார் இன்னொருவர். மலை உயரத்தால்தான் சுருதி மாறுகிறது என்றும் ஒரு பேச்சு. எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது?

பழைய_பித்தளை:

குன்னூர் தம்பி, 12சி என்ற எண் கப்பையும் (உள்குழிவு) ரிம்மையும் (உதடு படும் விளிம்பு) பற்றித்தான் சொல்லும். கருவிக்குள் போகும் காம்பு, அதாவது ஷாங்க், அந்த அளவில்தான் கடையப்பட்டிருக்கிறது என்பதற்கு அது உத்தரவாதம் இல்லை. பழைய கருவிக்கு முதலில் காம்பு, அப்புறம்தான் கப். இந்த வரிசை மாறினால் பணம்தான் வீண்.

டிராம்போன், யூஃபோனியம் வகையில் காம்பு மூன்று அளவில் வருகிறது. சின்னக் காம்பு நுனியில் வெளிவிட்டம் ஏறக்குறைய 11 மி.மீ. நடுக்காம்பு 12 மி.மீ.க்குக் கொஞ்சம் உள்ளே. பெரிய காம்பு 12.7 மி.மீ. அருகில். நடுக்காம்பை ஐரோப்பியக் காம்பு என்றும் சொல்வார்கள், பழைய பிரிட்டிஷ் யூஃபோனியங்களில் அதுதான் இருக்கும். உங்கள் பெட்டியில் இருப்பது நடுவா பெரியதா என்று அளந்தால் தெரிந்துவிடும். எதுவானாலும் அது டிராம்போனுக்கு உரியது இல்லை. பேண்டுப் பெட்டிகளில் இந்த இரண்டும் கலந்துபோவது சகஜம்.

காம்பின் சரிவு எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான்: 20க்கு 1. நுனியிலிருந்து 20 மி.மீ. மேலே வந்தால் விட்டம் 1 மி.மீ. கூடியிருக்கும். இந்த ஒரு கணக்கை மனசில் வைத்துக்கொண்டால் பாதிப் பிரச்சினையை உட்கார்ந்த இடத்திலேயே தீர்க்கலாம். மவுத்பீஸ் வழக்கமாக 25 மி.மீ. சுமாருக்கு உள்ளே உட்காரும். அப்படியானால் ரிசீவர் வாயின் உள்விட்டம் சின்னக் காம்புக்கு 12¼ முதல் 12½ வரை, நடுக்காம்புக்கு 13 சுற்றிலும், பெரியதற்கு 14ஐ ஒட்டியும் இருக்க வேண்டும்.

ஒரு குழப்பத்தை இப்போதே தீர்த்துவிடுகிறேன். ஸ்லைடு குழாயின் போர், அதாவது உள்விட்டம், வேறு, காம்பு அளவு வேறு. 12.7 மி.மீ. போர் உள்ள டிராம்போன் என்றால் அதற்கு 12.7 மி.மீ. காம்பு என்று நினைத்து வாங்கிவிடுகிறார்கள். நேர்மாறு. 12.7 போரும் அதற்குக் குறைந்ததும் பெரும்பாலும் சின்னக் காம்பு. 13.9 போர் என்றால் பெரிய காம்பு. இடையில் 13.3 போரில் இரண்டும் உண்டு. பழைய லண்டன் கருவி, ஆறரை அங்குல பெல் என்றால் போர் 12.7க்கும் கீழேதான் இருக்கும்.

செய்ய வேண்டியது: வெர்னியர் காலிபர் ஒன்று கடன் வாங்குங்கள். வேண்டிய அளவுகள் நான்கு. ரிசீவர் வாயின் உள்விட்டம், அதையே காலிபரைக் கால் வட்டம் திருப்பி இன்னொரு முறை. உங்கள் 12சி காம்பின் நுனி வெளிவிட்டம். அது உள்ளே போகும் ஆழம்: உள்ளே வைத்துக்கொண்டே ரிசீவர் விளிம்பில் பென்சிலால் கோடு போட்டு, வெளியே எடுத்து நுனியிலிருந்து கோடு வரை அளக்க வேண்டும். இங்கே எழுதுங்கள்.

அளக்கும் முன் ஸ்லைடைக் கழற்றி, ரிசீவர் வழியாக போன் டார்ச் அடித்துப் பாருங்கள். மவுத்பீஸ் பக்கத்துக் குழாய்க்குள் லீட்பைப் என்று மெல்லிய இன்னொரு குழாய் இருக்க வேண்டும். உள்ளே போகப் போகக் குறுகி, மறுபடி மெல்ல விரியும். எதிர்க்குழாயோடு ஒப்பிட்டால் இந்தப் பக்கத்து வாய் குறுகலாகத் தெரியும். இரண்டும் ஒன்றுபோல அகலமாகத் தெரிந்தால் யாரோ லீட்பைப்பைப் பிடுங்கியிருக்கிறார்கள் என்று சந்தேகப்பட வேண்டும். அப்படி ஆகியிருந்தால் எந்த மவுத்பீஸ் போட்டும் மேல் ஸ்தாயி நிற்காது, முதல் வேலை லீட்பைப்தான்.

கடைசல்:

லேத் பற்றிக் கேட்டதால் சொல்கிறேன். யூஃபோனியம் மவுத்பீஸைக் கடைந்து சின்னதாக்க வேண்டாம். பெரிய காம்பின் நுனி 12.7. அதை 11 ஆக்க 1.7 மி.மீ. எடுக்கணும், அதாவது சுற்றிலும் சுவரில் 0.85. நுனியில் சுவர் அவ்வளவு தடிமனே கிடையாது. ஒன்று பிளேடு மாதிரி ஆகும், இல்லையென்றால் உள் துளையே வெளியில் வந்துவிடும். நடுக்காம்பில் எடுக்க வேண்டியது சுமார் அரை மி.மீ. சுவர்தான். ஆனால் அங்கேயும் மிஞ்சுவது தாள் கனம், ஒரு தடவை கீழே விழுந்தால் நசுங்கிவிடும். நல்ல யூஃபோனியம் மவுத்பீஸ் ஒன்றை இழப்பதுதான் மிச்சம்.

பேப்பர் சுற்றுவதற்கும் கணக்கு இருக்கு. சாதா ஜெராக்ஸ் பேப்பர் 0.1 மி.மீ. கனம். ஒரு சுற்று சுற்றினால் விட்டத்தில் 0.2 கூடும். சரிவு 20க்கு 1 என்பதால் மவுத்பீஸ் 4 மி.மீ. வெளியே வரும். காம்பு கொஞ்சம் ஒல்லியாக இருந்து ஆழமாகப் போகிறதென்றால் சோதனைக்கு இது ரொம்பவே உதவும்: ஒரு சுற்று சுற்றி வாசித்துப் பார்த்து மேல் எஃப் நிலைத்தால் நோய் எங்கே என்று தெரிந்துபோகும். ஆனால் அதையே மருந்தாக வைத்துக்கொள்ளாதீங்க. வாயிலிருந்து வரும் ஈரத்தில் பேப்பர் ஊறும், மறுநாளே ஆட்டம் வரும். டெஃப்லான் டேப் ஊறாது, ஆனால் மெத்தென்று அமுங்கும், பிசிறு லீட்பைப்புக்குள் போய் ஒட்டும். முன்னாடி யாராவது இன்சுலேஷன் டேப் சுற்றி அதன் பிசின் காம்பில் இருந்தால், நம்ம ஊர் நீலகிரித் தைலம் இரண்டு சொட்டு துணியில் தொட்டுத் துடைங்க, விட்டுவிடும். காம்பில் மட்டும். துடைத்த பிறகு சோப்பு போட்டுக் கழுவணும், உதட்டில் பட்டால் எரியும்.

ஆட்டம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க மை சோதனை இருக்கு. காம்பு முழுக்க மார்க்கர் பேனாவால் கறுப்பாக்கி, காயவிட்டு, ரிசீவரில் மெதுவாக வைத்துக் கால் வட்டம் திருப்பி எடுங்க. மை எங்கே தேய்ந்திருக்கிறதோ அங்கேதான் பித்தளை பித்தளையைப் பிடிக்கிறது. காம்பின் நீளம் முழுக்கப் பரவலாகத் தேய்ந்திருந்தால் பொருத்தம் சரி. நுனியில் மட்டும் மெல்லிய வளையம் என்றால் இரண்டு காரணம் இருக்கலாம்: ரிசீவர் வாய் தேய்ந்து விரிந்திருக்கு, அல்லது காம்பு ஒல்லியாக இருந்து நுனி அடியில் போய் முட்டுது. ரிசீவர் வாய்ப் பக்கம் மட்டும் வளையம் என்றால் உள்ளே நுனி எதையும் தொடாமல் நிற்குது, சரிவே வேற. ஒரே பக்கத்தில் மட்டும் தேய்ந்திருந்தால் ரிசீவரோ நுனியோ வட்டம் கெட்டு நீள்வட்டமாகியிருக்கு.

நுனி நசுங்கியிருந்தால் அதை நிமிர்த்தலாம். அதற்கென்று கூம்பு வடிவ உருக்குக் கம்பி ஒன்று ரிப்பேர்க்காரர்கள் வைத்திருப்பார்கள். நுனிக்குள் வைத்துத் திருப்பித் திருப்பி லேசாகத் தட்டுவது. இல்லையென்றால் பட்டறையில் மைல்டு ஸ்டீலில் கடையச் சொல்லலாம், பத்து நிமிஷ வேலை. ஆணியை விட்டுத் தட்டுவது, திருப்புளியால் நெம்புவது எல்லாம் கூடவே கூடாது. உப்புத்தாள் போட்டுக் காம்பைத் தேய்ப்பதும் அப்படித்தான். கையால் தேய்த்தால் சரிவு சீராக வராது, நடுவில் வயிறு விழும். அதுக்கப்புறம் எந்த ரிசீவரிலும் நிற்காது.

குன்னூர்_டெனர்:

பழைய_பித்தளை அண்ணா, கடைசல் அண்ணா, இரண்டு பேருக்கும் நன்றி. அளவுகள்:

ரிசீவர் வாய் உள்விட்டம் 12.25, திருப்பி அளந்தாலும் 12.25தான். 12சி நுனி வெளிவிட்டம் 10.6. உள்ளே போகும் ஆழம் 31 மி.மீ. லீட்பைப் இருக்கிறது, குறுகல் நன்றாகவே தெரிகிறது. மை சோதனையில் நுனியில் மட்டும் மெல்லிய வளையம். ஸ்லைடு உள்குழாயின் உள்விட்டத்தையும் அளந்தேன், 12.3 வந்தது. யூஃபோனியம் மவுத்பீஸ் நுனி 12.65.

பழைய_பித்தளை:

தெளிவாகிவிட்டது. ரிசீவர் நல்ல வட்டம், சின்னக் காம்பு, தேயவும் இல்லை. உங்கள் கருவியில் குறை எதுவும் இல்லை. வாங்கிய மவுத்பீஸ்தான் ஒல்லி.

கணக்கைப் பாருங்கள். சரியான சின்னக் காம்பு நுனி 11 மி.மீ. ரிசீவர் வாய் 12.25. வித்தியாசம் 1.25, அதை 20ஆல் பெருக்கினால் 25 மி.மீ. அந்த ஆழத்தில் சுற்றிலும் பிடித்து நிற்கும். உங்களுடையது 10.6. அது பிடிக்க வேண்டுமானால் 33 மி.மீ. போக வேண்டும். ஆனால் 31லேயே நின்றுவிட்டது என்கிறீர்கள், மையும் நுனியில் மட்டும்தான் தேய்ந்திருக்கிறது. அதாவது ரிசீவரின் சரிவு முடிந்து லீட்பைப் குறுகத் தொடங்கும் இடத்தில் நுனி போய் முட்டிவிட்டது. சுவர் இன்னும் பிடிக்கவே இல்லை. வாய்ப் பக்கம் 0.1 மி.மீ. இடைவெளி, அதுதான் கையில் தெரியும் ஆட்டம்.

மேல் எஃப் வழுக்குவதும் இதனால்தான் என்பது என் கணிப்பு. மவுத்பீஸ் சரியாக உட்கார்ந்தால் காம்பின் துளை லீட்பைப் துளையோடு இழைந்து, குறுகல் வரை காற்று வழி ஒரே ஓட்டமாகப் போகும். உங்களுடையதில் நுனி முட்டிய இடத்தில் ஒரு படி, பக்கவாட்டில் கசியும் இடைவெளி. கீழ்ச் சுரங்கள் இதைப் பொறுத்துக்கொள்ளும், மேலே போகப் போகப் பொறுக்காது. கடைசல் சொன்னபடி பேப்பர் இரண்டு சுற்று சுற்றிப் பாருங்கள், 0.4 கூடி 11 ஆகிவிடும். அப்போது மேல் எஃப் நின்றால் வேறு எதையும் தேட வேண்டாம்.

இனி எதை வாங்குவது. உங்கள் போர் 12.3, ஒடுக்கமான பழைய வகை. இதற்குப் பெரிய, ஆழமான கப் போட்டால் நாதம் கனமாகும் என்று ஆசைப்படுவார்கள். ஆகாது. மேல் ஸ்தாயி தொய்ந்து இறங்கும், சத்தம் பரவி முனை மழுங்கும். கருவி எந்த அளவுக்குக் குறுகலோ அந்த அளவுக்குக் கப்பையும் அடக்கமாக வைக்க வேண்டும். பாக் கம்பெனி எண்ணில் சொன்னால் 12சி, 7சி, அதிகபட்சம் 6½ஏஎல். உள்விட்டம் முறையே ஏறக்குறைய 24½, 25, 25.4 மி.மீ. புதிதாகக் கற்கும் பையனுக்கு 7சி என்பதே என் கருத்து. 12சி மேலே சுலபமாகத் தூக்கும், ஆனால் ஞானப்பாட்டுகளில் மெதுவாக நீட்டும் சுரங்களுக்குச் சத்தம் கொஞ்சம் மெலிந்திருக்கும். உதடு மெல்லிய சின்னப் பையனாக இருந்தால் மட்டும் 12சி. டெனிஸ் விக் கம்பெனியில் 6பிஎஸ், யமஹாவில் 48எஸ் இரண்டும் இதே ஓரத்தில் வருபவை, எதை எடுத்தாலும் தவறில்லை.

எழுத்தில் ஒரு பொறி இருக்கிறது, கவனம். டெனிஸ் விக், யமஹா இரண்டிலும் கடைசி எழுத்து எஸ் என்றால் சின்னக் காம்பு, எல் என்றால் பெரியது. பாக்கில் அப்படி இல்லை. 6½ஏஎல்லில் உள்ள எல்லுக்கும் காம்புக்கும் சம்பந்தமே கிடையாது. அது சின்னக் காம்பிலும் வரும், பெரிய காம்பிலும் வரும், கேட்டுத்தான் வாங்க வேண்டும். 5ஜி, 4ஜி, 1½ஜி என்று ஜி போட்டவை பெரிய கருவிக்காரர்களுக்கு. எண்ணிலும் வித்தியாசம் உண்டு: பாக், டெனிஸ் விக்கில் எண் ஏறினால் கப் சிறுக்கும், யமஹாவில் எண் ஏறினால் பெருக்கும்.

சின்னக் காம்பைப் பெரிய ரிசீவரில் மாட்ட அடாப்டர் குழல் விற்கிறார்கள். உங்களுக்குத் தேவை இல்லை. அதன் எதிர்ப்பக்கம், பெரிய காம்பைச் சின்ன ரிசீவரில் மாட்ட, ஒன்றும் கிடையாது. அதற்கு இடமே இல்லை.

ஊட்டி_ஸ்லைடு:

மவுத்பீஸ் விஷயம் முடிந்தது போலிருக்கிறது. சுருதியைப் பற்றி யாரும் சொல்லவில்லை, அதை நான் எடுத்துக்கொள்கிறேன். ஏனென்றால் நல்ல 7சி வாங்கி மாட்டிய பிறகும் கீபோர்டோடு சேராது. அப்போது மவுத்பீஸைத் திட்டக் கூடாது.

மலை உயரம் காரணம் இல்லை. குழாய்க்குள் சுருதியைத் தீர்மானிப்பது ஒலியின் வேகம். அது காற்றின் வெப்பத்தைப் பொறுத்தது, அழுத்தத்தைப் பொறுத்தது இல்லை. குன்னூர் 1,850 மீட்டர், ஊட்டி 2,240 மீட்டர் என்பதால் ஒரு சென்ட்கூட மாறாது. குளிர் மாற்றும். உள்ளே இருக்கும் காற்று 1 டிகிரி குறைந்தால் சுருதி 3 சென்ட் இறங்கும். டிசம்பர் காலை 8 டிகிரியில் பெட்டியிலிருந்து எடுத்த கருவி தாழ்ந்துதான் பேசும். நம் மூச்சு உள்ளே போகப் போக ஏறிவரும். ஆக, மலைக் குளிர் உங்கள் கருவியை ஃப்ளாட் ஆக்குமே தவிர ஷார்ப் ஆக்காது. குளிரில் அளந்தே 45 சென்ட் ஷார்ப் என்றால், கருவி சூடேறினால் அதற்கும் மேலே நிற்கும்.

எனக்குப் படுவது: இது பழைய உயர் சுருதிக் கருவி. பிரிட்டிஷ் பிராஸ் பேண்டுகள் 1960களின் நடுப்பகுதி வரை ஏ சுரத்தை 452½ ஹெர்ட்ஸ் சுற்றி வைத்திருந்தன. அதற்கென்றே குழாயைக் குட்டையாக வெட்டிக் கருவி செய்தார்கள். இன்றைய 440க்கும் அதற்கும் வித்தியாசம் 48 சென்ட், ஏறக்குறைய அரை ஸ்வரத்தில் பாதி. உங்கள் 45 அதோடு ஒட்டிப்போகிறது.

2 செ.மீ. இழுத்தால் 20 ஆனது என்றீர்கள், அதுவும் கணக்குக்குச் சரி. ட்யூனிங் ஸ்லைடுக்கு இரண்டு கால். 2 செ.மீ. இழுத்தால் குழாயில் 4 செ.மீ. கூடும். மொத்தக் குழாய் சுமார் 270 செ.மீ. அதில் 4 என்றால் 25 சென்ட் இறங்கும். முழு 45ஐ இறக்க 7 செ.மீ. வேண்டும், ஒரு காலுக்கு மூன்றரைக்குச் சற்று மேல். அப்படி இழுத்த பிறகும் காலில் குறைந்தது 2 செ.மீ. உள்ளே பிடித்திருந்தால் அப்படியே வாசிக்கலாம். அதற்குக் குறைந்தால் தொங்கும், கசியும், ஊர்வலத்தில் நடக்கும்போது விழுந்தாலும் விழும். அந்த நிலைமை என்றால் ட்யூனிங் ஸ்லைடின் கால்களை நீளமாக மாற்றித் தர வேண்டும். அதே விட்டமுள்ள பித்தளைக் குழாயும் வெள்ளி பற்றும் தெரிந்த ரிப்பேர்க்காரருக்கு இது புதிய வேலை இல்லை. வெலிங்டனில் ராணுவப் பேண்டு இருப்பதால் ஓய்வு பெற்ற பேண்டுக்காரர்கள் உங்கள் பக்கம் இருப்பார்கள், அவர்களிடம் விசாரியுங்கள். மீரட் ஜாலி கோட்டி பேண்டுக் கருவித் தொழிலுக்குப் பேர்போன இடம், பார்சலில் அனுப்பியும் செய்யலாம். ஆனால் கை ஸ்லைடை அனுப்பாதீர்கள். ட்யூனிங் ஸ்லைடு வளைவும், அது உட்காரும் காலின் அளவும் போதும்.

கேரலுக்குள் ஆகாது என்றால் ஒரு வழி இருக்கிறது. கை ஸ்லைடையே மூன்றரை செ.மீ. வெளியே வைத்து அதை முதல் பொசிஷன் என்று எடுத்துக்கொள்வது. முதலுக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் வழக்கமாக 8 செ.மீ. இருப்பதால் இது பாதி தூரம்கூட இல்லை. எல்லாப் பொசிஷனும் அதே அளவுக்குத் தள்ளிப்போகும், ஏழாவது கைக்கு எட்டாது அல்லது குழாய் கழன்றுவிடும். கேரல் பாட்டுகளில் ஏழாவது அதிகம் வராது. ஆனாலும் புதிதாகக் கற்கும் பையனிடம் இதைச் செய்யச் சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை. தவறான இடம் கையில் ஊறிவிட்டால் பிறகு வேறு கருவியில் எல்லாமே ஃப்ளாட்டாக வாசிப்பான். இந்த ஒரு மாதம் பெரியவர் யாராவது இதை வாசிக்கட்டும்.

மவுத்பீஸ் இதற்கு உதவுமா என்றால், மிகச் சிறிது. 6 மி.மீ. வெளியே உட்கார்ந்தால்கூட 4 சென்ட்தான் இறங்கும். கப் ஆழமானால் மேல் சுரங்கள் மட்டும் கொஞ்சம் தாழும், கீழ்ச் சுரங்கள் அசையாது. அப்போது கருவிக்குள்ளேயே ஸ்தாயிக்கு ஸ்தாயி ஒட்டாது. 45 சென்ட்டை மவுத்பீஸ் மாற்றித் தீர்க்க நினைத்தால் இருக்கிற பொருத்தமும் போய்விடும்.

கோத்தகிரி_பெல்:

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும் சார். எங்களிடமும் ஒரு பழைய டிராம்போன் உண்டு, ஸ்லைடில் மடக்குக் கைப்பிடி வைத்தது, ரொம்ப நீளம். இதற்கும் அதே சின்னக் காம்பா? மவுத்பீஸ் ஒன்று உள்ளே சிக்கியும் இருக்கிறது.

பழைய_பித்தளை:

கைப்பிடி இருந்தால் அது பெரும்பாலும் ஜி பாஸ் டிராம்போன். கை எட்டாது என்பதால் கைப்பிடி. முதல் பொசிஷனில் ஊதினால் பி ஃப்ளாட் வரிசைக்குப் பதில் மூன்று அரைச் சுரம் கீழே ஜி வரிசை வரும். காம்பை ஊகிக்க வேண்டாம், சிக்கியதை எடுத்த பிறகு அதே நான்கு அளவையும் எடுங்கள். உள்ளே இருப்பது அந்தக் கருவியோடு பிறந்ததாகவும் இருக்கலாம், எனவே அதைச் சேதப்படுத்தாமல் எடுப்பது முக்கியம்.

கடைசல்:

கோத்தகிரிக்காரங்களே, பிளையர் வைத்து முறுக்காதீங்க. முறுக்கினால் மவுத்பீஸ் வராது, லீட்பைப்பின் பற்று விட்டுப்போகும், ஸ்லைடு குழாய் முறுகும். அதுக்கப்புறம் ஸ்லைடு நேராகவே ஓடாது. இதற்கென்று மவுத்பீஸ் புல்லர் இருக்கு: ஒரு தட்டு ரிசீவர் விளிம்பில் உட்காரும், இன்னொன்று கப்பின் அடியைப் பிடிக்கும், இரண்டு பக்கத் திருகையும் அரை அரைச் சுற்றாக மாற்றி மாற்றித் திருகினால் நேராக வெளியே தள்ளும். அதற்கு முந்தின இரவு இடுக்கில் ஊடுருவும் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு வைங்க. மறுநாள் ரிசீவரைச் சுற்றி மரச் சுத்தியால் லேசாகத் தட்டிவிட்டுப் புல்லர் போடுங்க.

சிக்குவதற்குக் காரணம் இரண்டு. உள்ளங்கையால் கப்பில் தட்டித் தட்டி மாட்டுவது ஒன்று. சரிவு இவ்வளவு மெல்லியதாக இருக்கும்போது ஒரு தட்டு போதும், ஆப்பு மாதிரி இறுகிவிடும். மெதுவாக வைத்துக் கால் வட்டம் திருப்பினாலே நிற்கும். இன்னொன்று பச்சைக் களிம்பு. மழைக்காலம் முழுக்க மவுத்பீஸை ரிசீவரிலேயே விட்டு வைத்தால் நடுவில் ஈரம் நின்று களிம்பு பிடிச்சுக்கும். வாசித்து முடித்ததும் கழற்றித் துணிப்பையில் தனியாக வைங்க. ரிசீவருக்குள் களிம்பு இருந்தால் வெந்நீர், சோப்பு, பாட்டில் பிரஷ், அவ்வளவுதான். குத்துவிளக்கைத் தேய்க்கிற மாதிரி புளி போட்டு ஊறவைக்க வேண்டாம். புளிப்பு பித்தளையில் இருக்கும் துத்தநாகத்தைத் தின்றுவிட்டுச் செம்பு நிறத்தைத்தான் விட்டு வைக்கும், அளவும் தளரும்.

வெள்ளி முலாம் போன பழைய மவுத்பீஸ் என்றால் வாயில் வைக்கும் முன் முலாம் போட்டுக்கணும். வெறும் பித்தளை உதட்டில் பச்சை பிடிக்கும், சிலருக்குப் புண்ணாகும்.

குன்னூர்_டெனர்:

பேப்பர் இரண்டு சுற்று சுற்றிப் பார்த்தாயிற்று. 25 மி.மீ.யில் நின்றது, ஆட்டம் இல்லை, மேல் எஃப் வழுக்காமல் நிற்கிறது. ட்யூனிங் ஸ்லைடைக் கழற்றி அளந்ததில் கால் 5 செ.மீ.தான் இருக்கிறது. 7சி வாங்கப்போகிறோம். ஆன்லைனில் வாங்கினால் மறுபடி ஒல்லிக் காம்பு வராமல் எப்படிப் பார்த்துக்கொள்வது?

பழைய_பித்தளை:

5 செ.மீ. காலில் மூன்றரைக்கு மேல் இழுத்தால் உள்ளே ஒன்றரைகூட மிஞ்சாது. கால் நீட்டும் வேலையைச் செய்தே ஆக வேண்டும், ஊட்டி_ஸ்லைடு சொன்ன வழியில் போங்கள்.

வாங்குவதற்கு முன் விற்பவரிடம் காம்பு நுனியில் காலிபர் வைத்து எடுத்த போட்டோ கேளுங்கள், எண் தெரியும்படி. உங்கள் ரிசீவருக்கு 10.9 முதல் 11.1 வரை வாங்கலாம், ஆழம் 27க்கும் 23க்கும் நடுவில் நிற்கும். 10.8க்குக் கீழே போனால் அடியில் முட்டும் பயம் வந்துவிடும், வேண்டாம். விலை குறைந்த நகல்களில் ஒரே எண் பொறித்த இரண்டு மவுத்பீஸின் காம்பும் ஒன்றுபோல இருக்காது. அதனால் அனுப்பப்போகும் அதே பீஸின் போட்டோவாக இருக்க வேண்டும். வந்ததும் நுனி வட்டமாக இருக்கிறதா, ரிம்மில் நகம் தடுக்கும் கீறல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மை சோதனை செய்யுங்கள். மை காம்பின் நீளம் முழுக்கத் தேயாவிட்டால் திருப்பி அனுப்புங்கள். திருப்பி எடுத்துக்கொள்ளாத கடையில் வாங்காதீர்கள்.

அந்த 12சியைத் தூக்கி எறிய வேண்டாம். கப்பும் ரிம்மும் நன்றாக இருந்தால், பையன் வீட்டில் மவுத்பீஸை மட்டும் வைத்து உதட்டை அதிரவிட்டுப் பழக அது போதும்.